நெறிக்கட்டும் நுண்ணோக்கியும்

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கர் மருத்துவத்துறைப் பொருளொன்றைப்பற்றி எழுத முற்படுவது தம் எல்லை கடந்த செயலென்று அன்பர் சிலர் கருதலாம். யாமும் சில ஆண்டுகட்கு முன்வரை அங்ஙனமே கருதியிருந்தோம். ஆயினும் கல்வி எப்பொழுதும் நூல்நிலையத்தின் வாயிலாகவே வருவதில்லை. இல்லத்தில் நேரும் இடுக்கண் வாயிலாகவும் வருவதுண்டு. எம் தாய்மாமன் கழுத்தில் எழுந்த நெறிக்கட்டொன்று, உடம்பினின்று எடுத்த தசைத்துணுக்கைக் கொண்டு நோயின் பெயரையறியும் கலையினை ஒருவாறு அறிந்துகொள்ளுமாறு எம்மைத் தூண்டிற்று. அறிந்தவற்றுட் சிலவற்றை, பிழை நேரின் பொறுத்தருளுமாறு வேண்டி, இம்மலரைப் படிப்பார்முன் வைக்கின்றோம்.

எம்மூர் புளியறை. தென்காசியினின்றும் செங்கோட்டை வழியாகக் கொல்லத்திற்குச் செல்லும் பெருவழியில், தமிழ்நாட்டின் எல்லை முடியுமிடத்தே, மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அது. கிழக்கே வயல், மேற்கே மலை. நடுவே மலையாள நாட்டிற்கு ஏகும் லாரிகளின் ஓசை. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல்நாள் தமிழ்நாட்டோடு இணையும்வரை எம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதனாற்போலும், கடுநோய் கண்டால் கிழக்கே திருநெல்வேலிக்குப் போவதா, மேற்கே திருவனந்தபுரத்திற்குப் போவதா என்னும் வினா எம்மூரார் திண்ணைகளில் இன்றும் எழுவதுண்டு.

மூன்றாண்டுகட்கு முன், பிசான அறுவடை முடிந்த சின்னாட்களில், எம் மாமனுடைய இடப்பக்கக் கழுத்தெலும்பின் மேலே நெல்லிக்காயளவு வீக்கமொன்று தோன்றிற்று. வலி சிறிதும் இல்லை. பாட்டியார், “நெறி கட்டியிருக்கிறது, பல்லில் ஏதேனும் கோளாறிருக்கும்” என்று கூறிப் பற்றுப் போட்டார். மாலைதோறும் காய்ச்சல் வந்தது. இரவில் தலையணை நனையுமாறு வியர்த்தது. வேட்டி இடுப்பில் நில்லாதவாறு உடல் மெலிந்தது. அதன்மேல் ஒரு மருத்துவமனையிற் கழுத்தைக் கீறி நெறியொன்றை எடுத்து, உப்புநீர் நிறைந்த சீசாவிலிட்டு, வேற்றூர் ஆய்வுக்கூடத்திற் சேர்ப்பிக்குமாறு எம் கையிற் கொடுத்தனர். எமக்கு அப்போது வயது பதினாறு. பேருந்தில் அச் சீசாவை மடியில் வைத்துத் துளியும் சிந்தாமற் காத்துச் சென்றோம். ஆய்வுக்கூடம் மூடியிருந்தமையின் மறுநாட் காலையிற் சேர்ப்பித்தோம். சில நாட்களில் விடை வந்தது: தசை கெட்டுவிட்டமையால் உறுதியாக ஒன்றுங் கூறவியலாது என்பதே அவ்விடை. பின்னர்க் காசநோயாயிருத்தல் கூடுமென்னும் ஊகத்தின்மேல் ஐந்து திங்கள் மாத்திரை உண்டார் எம் மாமன். வீக்கம் ஒன்று மூன்றாயிற்று.

நெறியாவது யாது?

நம் உடம்பில் இரத்தம் ஓடும் குழாய்களேயன்றி, நிணநீர் என்னும் தெளிந்த நீர் ஓடும் நுண்குழாய்களும் உள. அவற்றின் இடையிடையே, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் உள்ளும் வயிற்றினுள்ளும், அவரைவிதை போன்ற சிறு முடிச்சுகள் நூற்றுக்கணக்கிற் கிடக்கின்றன. இவையே நெறிகள், நூலார் நிணநீர்க் கணுக்கள் என்பர். மலையோரத்துச் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திச் சரக்கினை ஆராய்தல் போல, நிணநீரில் வரும் கிருமிகளை நிறுத்தி ஆராய்வது இவற்றின் தொழில். ஆராயும் காவலராவார் நிணவணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள். அவருள் இருபெரும் பிரிவினர் உளர். எதிர்ப்பொருளை ஆக்குவோர் ‘பி’ அணுக்கள், நோயுற்ற அணுக்களை நேரே அழிப்போரும் ஏனையோரை ஏவுவோரும் ‘டி’ அணுக்கள்.

காலிற் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது காவலர் பெருகுவதனால் ஆவது. புண் ஆறினால் அதுவும் அடங்கும். காவலருள் ஒருவன் தன் மரபுப்பொருளிற் பிழை நேர்ந்து, கட்டளைக்கடங்காது தன்னையே பெருக்கிக்கொள்ளத் தொடங்குவானாயின், அது லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று. வெளியே நிற்பார்க்கு இரண்டும் வீக்கமே. போதாக்குறைக்குக் காசக்கிருமியும் நெறிகளிற் குடிபுகும். அதனையே நம் முன்னோர் கண்டமாலை என்றனர். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகிய மூன்றும் காசத்திற்கும் உண்டு, லிம்போமாவிற்கும் உண்டு. உலகில் ஆண்டுதோறும் காசநோயுறுவாருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் இந்தியராதலின், நம் நாட்டில் நெறிக்கட்டைக் கண்டவுடன் காசத்தை நினைப்பது இயல்பே. நினைத்ததனை நிறுவாமல் விடுவதே இடராகின்றது.

இருவர் கண்ட நோய்

இம்மயக்கம் நமக்குமட்டும் உரியதன்று. 1832-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரத்துக் கைஸ் மருத்துவமனையில் நோய்ப்பொருட் காட்சிச்சாலையைப் பேணிவந்த தாமசு ஹாட்ஜ்கின் என்பார், நெறிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்த எழுவரைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நுண்ணோக்கியின் துணையின்றி, வெறுங்கண்ணால் நோக்கியே, ஏனை நோய்களினின்றும் இது வேறென்று அவர் கருதினார். அக் கட்டுரையை அக்காலத்தார் பெரிதும் பொருட்படுத்திற்றிலர். 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் என்னும் மருத்துவரே அந்நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரை இட்டார். ஹாட்ஜ்கினோ மறு ஆண்டிலேயே, யோனா தீர்க்கதரிசி கப்பலேறிய யாப்பா என்னும் யோப்பா பட்டினத்தில் நோயுற்று இறந்து அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்டார். அவர் காட்சிச்சாலையில் வைத்துப்போன தசைகளை 1926-இல், தொண்ணூறாண்டுகட்குப் பின், எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அவற்றுட் சில அந்நோயே என்பது உறுதியாயிற்று. பொருளைக் கெடாமற் காத்துவைத்தாற் காலங்கடந்தும் அது சான்று பகரும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1898-இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்பார் இந்நோயிற் காணும் பேரணுக்களை விரித்துரைத்தார். ஆயினும் இது காசத்தின் வேறுபட்டதோர் உருவே என்று எண்ணினார். 1902-இல் அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாரதி ரீட் என்னும் இளநங்கையார் அவ்வணுக்களைத் தெளிவுறத் தீட்டிக்காட்டி, காசம் வேறு, இது வேறு என்று நிறுவினார். அவ்விருவர் பெயராலேயே இன்றும் அப் பேரணு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு என வழங்குகின்றது. எம் மாமன் வீட்டு முற்றத்தில் நாங்கள் விடைகாணாது வருந்திய வினாவிற்கு, நூறாண்டுகட்கு முன்னரே ஒரு பெண்மணி விடைகண்டிருந்தார் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தபோது எமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின.

தசையை ஏடாக்குதல்

இனித் தசையைப் படிக்குமாறு யாங்ஙனம் என்பதைக் கூறுவாம். எமக்குப் பழக்கமான ஓலைச்சுவடியை உவமையாகக் கொள்ளின் இது எளிதில் விளங்கும்.

பச்சை ஓலையில் எவரும் எழுதார். அதனைப் பதப்படுத்திய பின்னரே எழுதுவர். தசையும் அத்தகையதே. உடம்பைவிட்டு நீங்கிய அளவில் அணுக்கள் தம்மைத்தாமே கரைத்துக்கொள்ளத் தொடங்கும். அதனைத் தடுப்பது பார்மலின் என்னும் நீர். 1893-இல் பெர்டினாந்து புளூம் என்னும் செர்மானியர், கிருமியைக் கொல்லுந் திறத்தினை ஆராயப் பார்மலினைக் கையாண்டபோது, தம் விரல்தோல் இறுகிப்போவதைக் கண்டு, தசையையும் இஃது இறுக்கிக் காக்கும் என்று உணர்ந்தார். பார்மலின் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்குமாகக் கலந்து, தசையின் அளவைப்போல் ஏறத்தாழப் பத்துமடங்கு ஊற்றி, நெறி பெரிதாயின் நடுவே பிளந்து, உடனே இடல் வேண்டும். உப்புநீரோ தசையை நெடுநேரம் காவாது. யாம் மடியில் வைத்துக் காத்துச் சென்ற சீசாவில் இருந்தது உப்புநீர். சிந்தாமற் காத்தோம், கெடாமற் காக்க அறிந்திலோம்.

இறுகிய தசையிலுள்ள நீரைச் சாராயச் சத்தால் நீக்கி, உருக்கிய மெழுகினைப் புகுத்திக் கட்டியாக்குவர். அக்கட்டியை நுண்சீவுபொறியால், ஒரு மில்லிமீட்டரை ஆயிரங்கூறிட்டு அவற்றுள் மூன்று அல்லது நான்கு கூறளவே தடிப்புள்ளதாகச் சீவிக் கண்ணாடிச் சில்லின்மேல் ஒட்டுவர். இப்போதும் ஒன்றும் தோன்றாது. எழுத்தாணியாற் கீறிய புதிய ஏட்டினும் எழுத்துத் தோன்றாதன்றோ? விளக்குக்கரியும் இலைச்சாறும் கலந்து தடவி மையாடிய பின்னரே வரி துலங்கும். அவ்வாறே தசைக்கும் இருவகை மையாடல் உண்டு. நடு அமெரிக்க நாட்டு மரமொன்றின் வயிரத்தினின்று எடுக்கும் ஹிமடாக்சிலின் அணுவின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் என்னுஞ் சாயம் ஏனைப்பகுதியைச் செந்நிறமாக்கும். உலகெங்கணும் நோய்க்கூற்று நிபுணர் முதற்கண் நோக்குவது இவ்விருவண்ண ஏட்டினையே.

ஓரெழுத்தும் முழு ஏடும்

பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடுவதில்லை. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவின. ஆதலின் ஓரெழுத்தைத் தனியே பெயர்த்தெடுத்து ‘இஃது இன்னது’ என்று எவரும் கூறவியலாது. முன்னும் பின்னும் நிற்பன நோக்கியே துணிதல் வேண்டும். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியதும் இதுபற்றியே.

லிம்போமாவின் நிலையும் அன்னதே. நலமுள்ள நெறியில் ‘பி’ அணுக்கள் வட்டவட்டமாகவும் ‘டி’ அணுக்கள் அவற்றின் இடைவெளியிலும் முறைப்பட அமர்ந்திருக்கும். புற்றில் அம்முறை குலையும். காசத்திலோ, நடுவே பாற்கட்டிபோல் மாண்ட தசையும், அதனைச் சூழ்ந்து பல உட்கருக்களைக் குதிரைலாட வடிவில் ஏந்திய லாங்கன்ஸ் பேரணுக்களும் காணப்படும். ஹாட்ஜ்கின் நோயில், ஆந்தையின் இரு கண்கள் போன்ற இரட்டை உட்கருவையுடைய ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணுக்கள் தோன்றும். ஆயின் அவை நூற்றில் ஒன்று என்னுமளவே இருக்கும், ஏனையவெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் போன்ற நல்லணுக்களே. ஆதலால் மெல்லிய ஊசியாற் சில துளி உறிஞ்சிப் பார்க்கும் ஊசிப் பரிசோதனை, காசத்தையும் வேறு உறுப்பினின்று பரவிய புற்றையும் காட்டப் பெரிதும் உதவுமாயினும், லிம்போமாவின் வகையைத் துணிய முதன்முறையிற் போதாது. ஏட்டினின்று உதிர்ந்த நான்கெழுத்தைக் கொண்டு காப்பியத்தின் பெயர் கூறுவது எவ்வாறோ அவ்வாறு. கூடுமானால் நெறியை முழுமையாக எடுத்தலே நெறியெனப் பெரியோர் கூறுவர்.

முழு ஏடு கிடைத்தும் ஐயம் தீராதவிடத்து மற்றொரு வழி உண்டு. ஒவ்வோர் அணுவும் தன் மேற்றோலிற் சில குறிப்பொருள்களை அணிந்துள்ளது. அவற்றை அறிஞர் எண்ணிட்டு வழங்குவர்: சிடி 20 என்பது ‘பி’ அணுவின் அடையாளம், சிடி 3 என்பது ‘டி’ அணுவின் அடையாளம், சிடி 30-ஐயும் பெரும்பாலும் சிடி 15-ஐயும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு அணிந்திருக்கும். ஒரு குறியையே பற்றும் எதிர்ப்பொருளை வேண்டியவளவு ஆக்கும் முறையை 1975-இல் கேம்பிரிட்ஜ் நகரில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். 1984-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். அவ்வெதிர்ப்பொருளோடு வண்ணந்தரும் பொருளைப் பிணைத்துத் தசையின்மேல் ஊற்றினால், அக்குறியை அணிந்த அணுக்கள்மட்டும் பழுப்புநிறங் கொள்ளும். கூட்டத்தினிடையே ஒளிந்தோன் வெளிப்பட்டுவிடுவான்.

பெயரறிவதனால் வரும் பயன் யாது என்பார்க்கு ஒன்று கூறுவோம். சிடி 20 என்னுங் குறியைக் குறிவைத்துத் தாக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ‘பி’ அணுப் புற்றுப் பலவற்றிற்கு அது பெருந்துணை. அக்குறியில்லாத புற்றிற்கோ அதனாற் பயனில்லை. ஹாட்ஜ்கின் நோய்க்கு இத்தாலிய மருத்துவர் போனடோனாவின் குழுவினர் 1975-இல் வெளியிட்ட நான்கு மருந்துச் சேர்க்கை இன்றும் பயன்படுகின்றது. நோயுற்றாருட் பெரும்பாலார் பிழைக்கின்றனர். பெயர் மாறின் மருந்து மாறும். மருந்து மாறின் விதியே மாறும்.

குருதியிற் காண்பன

நெறியிற் பிறவாது எலும்பின் ஊனிற் பிறந்து குருதியிற் பரவும் புற்றும் உண்டு. 1845-இல் எடின்பரோவில் பென்னெட்டும் பெர்லினில் விர்ச்சோவும் தனித்தனியே அதனைக் கண்டனர்; விர்ச்சோ 1847-இல் வெண்குருதி என்னும் பொருள்பட லுக்கீமியா என்று பெயரிட்டார். இதற்குக் குருதித்துளியைக் கண்ணாடியில் மெல்லிதாகத் தேய்த்துச் சாயமிட்டு நோக்குதல் முதற்படி. அணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, ஒளிக்கற்றையால் அவற்றின் குறிகளை எண்ணும் பொறி அடுத்த படி. மரபுக்கோல்களை நோக்குதல் மூன்றாம் படி. 1960-இல் பிலடெல்பியா நகரத்தில் நோவலும் ஹங்கர்போர்டும் நாட்பட்ட லுக்கீமியா ஒன்றிற் குறுகிய மரபுக்கோலொன்றைக் கண்டனர். 1973-இல் ஜேனட் ரவுளி என்னும் அம்மையார், 9-ஆம் கோலும் 22-ஆம் கோலும் தம்முள் துண்டு மாற்றிக்கொண்டமையே அதன் காரணமென்று காட்டினார். அப்பிழையின் விளைவைத் தடுக்கும் மாத்திரை 2001-இல் வழக்கிற்கு வந்தது. நோயறியும் ஆராய்ச்சி மருந்திற்கு வழிகாட்டிய கதை இது.

நம் நாட்டிற் செய்தது

இத்துறையில் நம்மவர் பின்தங்கினாரல்லர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியார் முயற்சியால், 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப்பணி கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1986-இல் எலும்பூன் மாற்றுச் சிகிச்சையையும் மேற்கொண்டது. அக்கல்லூரியின் நோய்க்கூற்றுத்துறையினர், 5,115 லிம்போமாக்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி பிரித்து ஆராய்ந்து, தென்னாட்டில் எவ்வகை மிகுதி, எவ்வகை குறைவு என்பதை 2013-இல் வெளியிட்டனர். மேனாட்டார் கணக்கும் நம் கணக்கும் எல்லா வகையினும் ஒத்திரா; ஆதலின் நம் மக்களின் நோயை நாமே எண்ணி எழுதிவைத்தல் இன்றியமையாதது. காசத்தை நோயாளர் தம் வீட்டிலிருந்தே தீர்த்துக்கொள்ளலாம் என்பதை உலகிற்குக் காட்டிய ஆராய்ச்சியும் சென்னையில் 1956-இல் நிறுவிய நிலையத்திற் பிறந்ததே. காசமருந்தை யாம் பழிக்கவில்லை. உரிய நோய்க்கு அஃது அமுதம்.

முடிவுரை

எம் மாமன் செய்தி யாதாயிற்று என்று அன்பர்கள் வினவக்கூடும். ஐந்து திங்களுக்குப்பின் வேறோரிடத்திற் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் முன்னைத் தாள்களைப் பார்த்து, “இதுவரை இந்நோய்க்கு எவரும் பெயர் சொல்லவேயில்லையே” என்றார். மற்றொரு நெறியை முழுமையாக எடுத்து, எம் கண்முன்னரே பார்மலினில் இட்டனர். பத்து நாட்களிற் பெயர் வந்தது: ஹாட்ஜ்கின் லிம்போமா. அதற்குள் நோய் கழுத்தோடு நில்லாது மார்பினும் வயிற்றினும் உள்ள நெறிகட்கும் பரவியிருந்தது. பதினைந்து நாட்களுக்கொருமுறையாகப் பன்னிருமுறை மருந்தேற்றினர். முடியும் உதிர்ந்தது, இரண்டு போக விளைச்சலும் போயிற்று. இவ்வாண்டு கார்ப்பருவத்தில் அவர் மீண்டும் வயலில் இறங்கினார். முற்றுங் குணம் என்று மருத்துவர் இன்னும் கூறிற்றிலர். ஆறு திங்களுக்கொருமுறை வருக என்கின்றனர். அவரும் தவறாது செல்கின்றார்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயை அறிதலை முதலிலும் தீர்த்தலைப் பின்னுமாக வைத்த முறையினை வகுப்பிற் பலகாற் படித்திருக்கின்றோம். அம்முறை பிறழ்ந்தால் வரும் கேட்டினை வீட்டிற்றான் கண்டோம். ஆதலின் நம் கல்லூரி அன்பர்கட்கு எம் வேண்டுகோள் மூன்று. நான்கு கிழமைக்குமேல் நெறிக்கட்டு அடங்காதிருப்பின், வலியில்லை என்று வாளாவிருத்தல் வேண்டா. சதைப் பரிசோதனைக்குத் தசை எடுக்குமிடத்து, ‘எந்த நீரில் இட்டீர்கள்?’ என்று பணிவோடு வினவ அஞ்சுதல் வேண்டா. பரிசோதனை முடிந்தபின் அறிக்கையையும், கேட்டுப்பெறுங்கால் மெழுகுக்கட்டியையும் காத்துவைக்க மறத்தல் வேண்டா. பிறிதொரு நிபுணர் மீண்டும் படித்தற்கு அதுவே மூல ஏடு.

எம் மாமனுடைய மெழுகுக்கட்டி, எண்ணிடப்பெற்று, எம் இல்லத்துப் பெட்டியில் அவருடைய நிலப்பத்திரங்களின்மேல் இருக்கின்றது. முதற்சீசாவில் யாம் சுமந்து சென்ற ஏடு அழிந்துபோயிற்று. இரண்டாவது ஏடு நிலைத்து அவர் உயிரைக் காத்தது.